பேய்க்காட்டும் பேய் எது?

“காக்கா, நேற்றைய மீனைத் தந்து எங்களைப் பேக்காட்டப் பாக்கிறீங்களா?”

“ஒங்களப் பேக்காட்டி எனக்கென்ன கிடைக்கப்போவுது, தங்கச்சி?”

கல்முனைச் சந்தையில் நம் செவியில் அடிக்கடி விழும் உரையாடல் இது. வீரமுனை வயற்கரையிலும் சம்மாந்துறைக் கடைத்தெருவிலும் சைவரும் முஸ்லிம்களும் ஒன்றுபோல வழங்கும் சொல் ‘பேய்க்காட்டுதல்’. தமிழகத்து அன்பர் ஒருவர் இதனைக் கேட்பின் சற்றே திகைப்பார். அவருக்கு ‘டிமிக்கி கொடுத்தல்’ தெரியும். ‘நாமம் போடுதல்’ தெரியும். இதுவோ ஈழத்தார் நாவிலே வளர்ந்த சொல். ஆயினும் மாணவர் கட்டுரையில் இது தலைகாட்டினால் நம் ஆசிரியர் சிலர் கொச்சையென்று சிவப்பு மையால் வெட்டி, ‘ஏமாற்றுதல்’ என மேலே எழுதிவிடுகின்றனர். வெட்டுமுன் அதன் பொருளைச் சற்று ஆராயலாகாதா?

பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோலப் பேயைக் காட்டி வெருட்டுவதே இது என்பது எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். ஆனால், இச்சொல்லில் அச்சத்தின் சாயலே இல்லை. மீன்காரர் எவரையும் வெருட்டவில்லையே! இலக்கணமும் இதற்கு இடந்தரவில்லை. ‘காய் பறித்தாள்’, ‘நெய் காய்ச்சினாள்’ என ஐயுருபு தொக்க இடத்தில் ஒற்று மிகுவதில்லை. அவ்வாறே ‘பேயைக் காட்டினான்’ என்பதும் ‘பேய் காட்டினான்’ என்றே நிற்கவேண்டும். நம் மக்களோ, யகரத்தைக்கூட விழுங்கிவிட்டு, ககர ஒற்றை மட்டும் அழுத்தி ‘பேக்காட்டி’ என்கின்றனர். எழுத்தறியாத கிழவியும் இதில் தவறுவதில்லை.

பேய் என்பதற்குப் போலி என்றொரு கருத்தும் உண்டு. பேய்ப்பீர்க்கும் பேய்ச்சுரையும் உருவில் கறிக்காய். வாயில் வைத்தால் கசப்பு. மணமற்ற ஒருவகை வயலற் பூவை ஆங்கிலேயர் ‘நாய் வயலற்’ என்பதும் இந்த இனமே. கானல்நீருக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் ‘பேய்த்தேர்’. என்ன அழகான பெயர்! இவ்வழியே நோக்கின், பொய்யை மெய்போலக் காட்டுதல் பேய்க்காட்டுதலாகும். இது பொருந்தாத விளக்கமன்று.

எனினும், நம் மனம் சாய்வது வேறொரு பக்கம். ‘பேயன்’ என்றால் நம் நாட்டில் மூடன். பேய்க்காட்டப்பட்டவர் அடுத்த மூச்சிலே கேட்பது என்ன? “நான் என்ன பேயனா?” என்பதன்றோ! ஆகவே, ஒருவனைப் பேயாக, அதாவது மூடனாக, ஆக்கிக் காட்டுதலே இச்சொல்லின் கரு என்று கொள்கிறோம். ‘ஆக’ என்பது மறைந்து நிற்கும் இடத்திலேதான் அந்த ஒற்று அழுத்தமாக ஒலிக்கிறது.

அங்ஙனமாயின் ‘ஏமாற்றுதல்’ இதற்கு ஈடாகாது. ஏமாந்தவன் இழப்பது பொருளை; பேய்க்காட்டப்பட்டவனுக்கோ மானமும் போகிறது. மீன் வாங்க வந்தவள் சினந்தது காசுக்காக மட்டுமன்று.

மழையையும் இச்சொல் விட்டுவைப்பதில்லை. பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டு, கறுத்துத் திரண்ட முகில் கடற்பக்கமாய்க் கலைந்து போவதைப் பார்த்து நிற்கும் விவசாயி, “மழை பேக்காட்டிப் போட்டுது” என்று சொல்லிச் சிரிப்பார். சிவப்பு மைக்காரர் இந்த வாக்கியத்தை எவ்வாறு திருத்துவரோ, நாமறியோம்.