இருட்டில் மின்னினால் ஒரிஜினலா?

கோவையில் இருட்டில் பளிச்சென்று தெரிகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ரேடியம். பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவது ரேடியம், லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டை ரேடியம், ஆட்டோ கண்ணாடியில் வெட்டி ஒட்டிய முருகன் வேலும் ரேடியம். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றிலும் ரேடியம் கிடையாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். நிஜமான ரேடியம் இருப்பது வேறு இடத்தில். தாத்தாவின் பீரோவில், வெற்றிலைப் பெட்டிக்கும் பழைய பத்திரங்களுக்கும் நடுவே கிடக்கும் கைக்கடிகாரத்தின் டயலில்.

ஆர்.எஸ்.புரம் மாதிரி பழைய குடியிருப்புகளில் அப்படிப்பட்ட பீரோக்களுக்குக் குறைவில்லை. உள்ளே ஒரு வெஸ்ட் எண்டோ, ஃபேவர் லூபாவோ, கல்யாணத்தில் மாமனார் போட்ட எச்.எம்.டி.யோ இருக்கும். காலேஜ் படிக்கும் பேரன் கையில் அது கிடைத்ததும் செய்கிற முதல் வேலை, லைட்டை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் தலையை விடுவது. மின்னினால் ஒரிஜினல், மின்னாவிட்டால் டூப்ளிகேட்! பழைய வாட்ச் வாங்கி விற்கிறவர்களில் சிலரும் இதே பரீட்சையைத்தான் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுகிறார்கள். தீர்ப்பு அப்படியே தலைகீழ்.

ஏன் என்று பார்ப்போம். பழைய பெயிண்டில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று ரேடியம், இன்னொன்று துத்தநாக சல்பைடு. ரேடியம் கதிர்வீச்சை வெளிவிடும். அது பட்டுத் துத்தநாக சல்பைடு ஒளிரும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். அதாவது 70 வருடம் கழித்தும் கிட்டத்தட்ட 97 சதவீதம் அப்படியே இருக்கும். பிறகு ஏன் மின்னுவதில்லை? இடைவிடாமல் அடி வாங்கித் துத்தநாக சல்பைடு செத்துப்போயிருக்கும். அடிக்கிறவன் தெம்பாக இருக்கிறான், அடி வாங்குகிறவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எனவே 1950-களின் ரேடியம் டயல் இருட்டில் கிடந்தால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அது விடிய விடிய மின்னுகிறது என்றால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

1960-களில் சுவிஸ் கம்பெனிகள் டிரிட்டியத்துக்கு மாறின. இதில் ரேடியத்துக்கு நேர்மாறான கதை. அரை ஆயுளே 12 வருடம் சொச்சம்தான் என்பதால், 1970-ல் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதற்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். அந்த எழுத்து இருந்தும் ராத்திரி முழுக்க ஜொலிக்கிறது என்றால் சந்தேகப்படலாம். இன்றைய கடிகாரங்களில் பூசுவது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகை. 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்தது. இதில் கதிரியக்கமே இல்லை. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மணிக்கணக்கில் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஆக, பரீட்சைக்குப் போர்வை வேண்டாம், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் போதும். இருட்டில் சில விநாடி அடித்துவிட்டு அணைக்க வேண்டும். பழைய பெயிண்ட் டார்ச் படும்போது கொஞ்சம் ஒளிரலாம், அணைத்ததும் சட்டென்றோ சில விநாடிகளிலோ அடங்கிவிடும். புதுப் பெயிண்ட் நிமிடக்கணக்கில் பச்சையாக நிற்கும். கெய்கர் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, ரேடியம் கண்ணாடிக்கு வெளியிலேயே கத்தும். ஆனால் கருவி சும்மா இருப்பதை வைத்து டயல் போலி என்று சொல்லிவிடக் கூடாது. டிரிட்டியத்தின் பலவீனமான கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியே வராது.

அடுத்தது கண். முள்ளில் உள்ள பெயிண்டும் டயலில் உள்ள பெயிண்டும் சேர்ந்து முதுமை அடைந்திருக்க வேண்டும். டயலில் காவி நிறம், முள்ளில் பால் வெள்ளை என்றால் ஒன்று புதுசு. (முள் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கறுத்தோ உதிர்ந்தோ இருப்பது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம்.) லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் எண்ணின் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கிறதா என்று தெரியும். எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு. கடிகாரம் பல வருடம் ஓடாமல் ஒரே நேரத்தில் நின்று கிடந்தால், ரேடியம் பூசிய முள்ளுக்கு நேர் கீழே டயலில் பழுப்பாக ஒரு நிழல் விழுந்திருக்கும். அது கதிர்வீச்சு போட்ட சூடு. காவி நிறத்தை ஏமாற்றலாம், 'பழைய ரேடியம்' நிறத்திலேயே புதுப் பெயிண்ட் விற்கிறார்கள். முள்ளின் நிழலைப் பொய்யாக வரைவது அவ்வளவு சுலபமில்லை.

இந்தியாவில் இந்தச் சிக்கல் கூடுதல். இங்கே வாட்ச் என்பது லாக்கரில் வைக்கும் பொருளாக இருந்ததில்லை, மில்லுக்கு மூன்றாவது ஷிஃப்ட் போகிறவர் கையில் வியர்வையோடு கிடந்தது. டயல் மங்கினால் புதிதாக அச்சடித்து மாட்டிக்கொள்வார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் 1961-ல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு, பழைய பைலட்டுக்கும் ஜனதாவுக்கும் திடீர் மவுசு வந்துவிட்டது. கறுப்பு டயல் பைலட் இன்று ஆரஞ்சு, நீலம், கிளிப்பச்சை என்று எல்லா நிறத்திலும் 'ஒரிஜினல்' என்று விலைக்கு வருகிறது. மறுபடி வரைந்ததை மறுபடி வரைந்தது என்று சொல்லி விற்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

நிற்க. காசு போவதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். போலியை வாங்கினால் சில ஆயிரம் நஷ்டம். அசலைக் கையில் வைத்துக்கொண்டு "மின்னலையேங்க, ரேடியம் புதுசா அடிச்சுக் குடுங்ண்ணா" என்று ரிப்பேர் கடையில் கொடுப்பதுதான் ஆபத்து. அவர் என்ன செய்வார்? பழையதை ஊசியால் சுரண்டுவார், வாயால் ஊதுவார். அதே மேஜையில் டீ கிளாஸ் இருக்கும். கண்ணாடி மூடியிருக்கும்வரை உள்ளேயே கிடந்த தூள் இப்போது மூச்சில் போகிறது. ரேடியம் உடம்புக்குக் கால்சியம் மாதிரி, நேராக எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்சு என்ற ஊரில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள், பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அவர்களில் ஐந்து பேர் போட்ட வழக்கு 1928-ல் சமரசமாக முடிந்தது. அந்தப் பெயிண்டைக் கண்டுபிடித்த சோசோக்கியும் அதே வருடம் கதிர்வீச்சு பாதிப்பால்தான் இறந்தார்.

ரிப்பேர்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவருக்கும் ரேடியம் என்றால் ஆட்டோ ஸ்டிக்கர்தான். அறுபது வருடப் பழைய டயலைத் தொடுவதற்குக் கூலி நூறோ இருநூறோ. அந்தக் காசுக்கு, தாத்தா கையில் கிடந்ததற்கான ஒரே அத்தாட்சியும் சுரண்டிக் குப்பைக்குப் போகிறது.

ஓட வேண்டுமென்றால் மெஷினை மட்டும் சர்வீஸ் செய்யலாம். அதற்கும் முள்ளைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால், உள்ளே இருப்பது ரேடியம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரசீதிலும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: "டயல், முள் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், ஊத வேண்டாம்."