வெறுமையாகத் திரும்பும் லாரிகள்

வடகிழக்கில் வாழும் நம் அன்பர்கள் பருப்பு விலையைக் கண்டு கடைக்காரரை நொந்துகொள்கின்றனர். காரணம் தேசப்படத்தில் இருக்கிறது. 1947க்கு முன் அஸ்ஸாம் தேயிலை ரயிலேறி நேரே சிட்டகாங் துறைமுகம் சேர்ந்தது. பிரிவினை அவ்வழியை அடைத்தது; 1950இல் வடவங்கத்தின் வழியாகப் புது ரயில் இணைப்புக் கண்டோம். குறுகிய இடத்தில் சுமார் 22 கிலோமீட்டரே அகலமுள்ள அந்தச் சிலிகுரிக் கழுத்தின் வழியேதான் இன்றும் பெரும்பகுதிச் சரக்கு செல்கிறது. கல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு ஏறக்குறைய 1600 கிலோமீட்டர். வங்கதேசத்தின் ஊடே சென்றாலோ அதில் மூன்றிலொரு பங்கு! 2016இல் அகர்தலாவுக்கு அகலப்பாதை ரயில் வந்தது, நன்றே. ஆயினும் சிமெண்டும் தானியமும் நிறைத்து வரும் லாரிகள் பல வெறுமையாகத் திரும்புகின்றன. அக்கூலியும் நம் தலையில்தான். திரிபுராவின் அன்னாசியும் ரப்பரும் அவற்றில் ஏற வேண்டாவா? அதற்குக் குளிர்பதனக் கிடங்குகளும், அங்கேயே ரப்பர்ப் பொருள் செய்யும் ஆலைகளும் பெருக வேண்டும். புதிய பாலங்களுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் சர்க்கார் இவற்றுக்குக் காட்டுமாறு கோருகிறோம்.