மலேசியத் தமிழரும் சீனரும்: இடைவெளி எங்கே தொடங்கியது?

சென்ற மாதம் சயானில் ஒரு திருமண வரவேற்பு. பெண் வீட்டாருக்கு உறவினர் ஒருவர் மலேசியாவிலிருந்து வந்திருந்தார். ஈப்போ பக்கம் லாரித் தொழில் நடத்துகிறவர். பந்தியில் பேச்சு அந்த நாட்டுச் சீனர்கள் பக்கம் திரும்பியது. "சீனன் உழைச்சான், கடை வெச்சான். நம்ம ஆளு கள்ளக் குடிச்சிட்டு லயத்துலேயே கிடந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருடைய தாத்தாவும் லயத்தில் வாழ்ந்தவர்தான். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் அப்போது பதில் சொல்லவில்லை, ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிழைக்கப் போன இடத்தில் ஒரு சமூகம் பின்தங்கினால் அதன் குணத்தில்தான் கோளாறு என்று சொல்லிவிடுவது எளிது. மராட்டிய மண்ணில் மூன்று தலைமுறையாக வாழும் நம்மைப் பற்றியும் இப்படிப்பட்ட தீர்ப்புகள் ரயில் பெட்டியில் காதில் விழுவதுண்டு. ஆகவே மலேசியக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நமக்கும் உபயோகப்படும்.

1970-இல் தீபகற்ப மலேசியாவில் வறுமையில் இருந்த குடும்பங்கள் மலாய்க்காரரில் நூற்றுக்கு 65, இந்தியரில் 39, சீனரில் 26. இந்தியர் என்ற கட்டத்தில் பெரும்பாலோர் தமிழர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கம்பெனிப் பங்குகளில் அவ்வாண்டு சீனர் கையில் இருந்தது 27.2 சதவீதம், இந்தியர் கையில் 1.1 சதவீதம். இருபது ஆண்டுகள் கழித்து, 1990-இல், சீனர் பங்கு 45.5 சதவீதமாகிவிட்டது. இந்தியர் பங்கு 1 சதவீதம். ஜனத்தொகையில் இந்தியர் சீனரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பங்குச் சொத்திலோ நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. இது தனி மனிதர்களின் சுறுசுறுப்பால் வரும் வித்தியாசம் அல்ல.

இரு சாராரும் வெறுங்கையுடன் கப்பல் ஏறியவர்கள்தான். தென்சீனக் கரையிலிருந்து வந்தவன் பிரயாணச் செலவைக் கடனாக ஏற்றுக்கொண்டு வந்தான். அந்தக் கடன் தீரும்வரை வெள்ளீயச் சுரங்கத்தில் அடிமைபோல உழைத்தான். அவனுக்குப் போதை இல்லாமலா போயிற்று? அபின் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் சர்க்கார் வருமானத்தில் பாதிக்கு அருகில் அபின் வருமானமே இருந்த ஆண்டுகள் உண்டு. அந்த அபினைப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். கள்ளைப் பற்றி வாய் நிறையப் பேசுகிறவர்கள் அபினை மறந்துவிடுகிறார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. சுரங்கம் ஊரை உண்டாக்கியது. கோலாலம்பூரே வெள்ளீயத்தால் எழுந்த ஊர். ஏழையாக வந்து, அங்கே சீனர்களின் தலைவராக உயர்ந்து, 1885-இல் காலமான யாப் ஆ லாய் போன்றவர்கள் ஊரைக் கட்டினார்கள். சுரங்கத்துக்கு அரிசி விற்றவன், மண்வெட்டி செய்தவன், தையல்காரன், அடகுக்கடைக்காரன் எல்லோரும் சீனர்களே. கடன் தீர்ந்த கூலி ஒரு முதலாளியிடம் கூலி போதாது என்றால் அடுத்தவனிடம் போகலாம். கொஞ்சம் சேர்த்தால் தள்ளுவண்டிக் கடை போடலாம். எல்லோரும் போட்டுவிடவில்லை, லட்சக்கணக்கானவர்கள் கூலிகளாகவே செத்தார்கள். ஆனால் வாசல் திறந்திருந்தது.

தமிழன் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வாசலே ஒன்றுதான். அதுவும் துரை வீட்டைத் தாண்டிப் போக வேண்டிய வாசல். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவனை நேராக ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 1910 வரை சஞ்சிக்கூலி முறை. பிறகு 1938-இல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும்வரை கங்காணி முறை. கங்காணி தன் ஊர், தன் உறவு என்று ஆள் சேர்த்து வருவான். அவன் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு. ஆக, கூலி தோட்டத்தை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்வதில் உறவுக்காரனுக்கே வரும்படி!

தோட்டத்தில் என்னதான் இல்லை? லயத்தில் வீடு உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, மாரியம்மன் கோயில் உண்டு, பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்ல ஒரு கொட்டகை உண்டு, நிர்வாகமே இடம் கொடுத்த கள்ளுக்கடையும் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வேலை போனால் அன்றே இவை அத்தனையும் போகும். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து ஓய்வுபெற்ற நண்பர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் தெரிந்திருக்கும். சாவியை ஒப்படைக்கும் நாள் நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும் அந்தப் பயத்தை நாம் ஒரு தடவை அனுபவிக்கிறோம். தோட்டத் தமிழன் அதை ஆயுள் முழுவதும் சுமந்தான். அப்படிப்பட்டவன் துரையிடம் கூலி உயர்வு கேட்பானா?

கேட்கவும் செய்தான், அந்த வரலாறு நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1928-இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்த மந்த காலத்தில் அதையும் குறைத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி வரவழைத்தார்கள். இந்தப் போக்குவரத்துக்கென்றே முதலாளிகள் பணம் கட்டும் நிதி ஒன்று 1907 முதல் இருந்தது. குழாயைத் திறந்து மூடுவதுபோல ஆள் வரத்தைத் திறந்து மூடினால் கூலி எப்படி உயரும்? சீனத் தொழிலாளி அந்தக் குழாயில் வந்தவன் அல்ல. அவன் குத்தகைக்காரனிடம் வேலை அளவுக்குக் கூலி பேசினான். 1937-இல் சிலாங்கூரில் சீன ரப்பர் தொழிலாளிகள் பெரிய வேலைநிறுத்தம் நடத்திக் கூலியை ஏற்றிக்கொண்டார்கள்.

பக்கத்துப் பக்கத்து நிரையில், ஒரே மாதிரி மரத்தில், ஒரே மாதிரிக் கத்தியால் பால் வெட்டுகிறவர்களில் சீனனுக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தமிழர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்து நின்றபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானது சீனருக்குச் சமமான கூலி. கள்ளுக்கடைகளை மூடு என்பது இன்னொன்று. இதைத் திருமணப் பந்தியில் தீர்ப்புச் சொன்னவருக்கு யாராவது சொல்ல வேண்டும்: கள்ளுக்கடையை மூடச் சொன்னவன் கூலி, மூட மறுத்தவர்கள் மற்றவர்கள். வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. பதிலாக வந்தது பட்டாளம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

யுத்தத்துக்குப் பிந்திய கதையில் ஒரு வினோதம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க 1950 முதல் பிரிட்டிஷார் காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். கொடுமையான காரியம். ஆனால் கலகம் ஓய்ந்து வேலி அகன்றபோது அந்தக் கிராமங்கள் பல கடைத்தெருவும் பள்ளியும் உள்ள சிறு ஊர்களாக நின்றன. குடியிருந்த மனைக்குக் காலப்போக்கில் குத்தகைப் பட்டாவும் பலருக்குக் கிடைத்தது. முள்வேலிக்குள் போனவனுக்கு ஒரு மனை மிஞ்சியது. வேலியில்லாத லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவனுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

1957-இல் சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டன. துண்டை வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம், அதில் இருப்பவர்களும் வேண்டாம். அப்போது 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். மலேசியத் தமிழர் அரசியலில் இதைவிட உருப்படியான காரியம் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விற்பனைக்கு வந்ததில் அது சிறு பங்கே. 1969 கலவரத்துக்குப் பிறகு பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. காகிதம் எழுதி வாங்கத் தெரியாமலோ, அலட்சியத்தாலோ, ஊருக்குத் திரும்பும் நினைப்பிலோ பிரஜாவுரிமை பெறாமல் விட்ட பல்லாயிரம் தமிழர்கள், பிறந்ததிலிருந்து தாங்கள் பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள்.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருவோம். 1961 கல்விச் சட்டப்படி சீன உயர்நிலைப் பள்ளிகள் மொழியை மாற்றிக்கொண்டால்தான் சர்க்கார் உதவி. மறுத்த பள்ளிகள் தனியார் பள்ளிகளாக நின்றன. வியாபாரிகளும் குலச் சங்கங்களும் நன்கொடை கொடுத்துக் காப்பாற்றினார்கள். இன்றும் 60 பள்ளிகள் நடக்கின்றன. தமிழ்ப் பள்ளியோ ஆறாம் வகுப்போடு சரி. சுதந்திரத்தின்போது 800-க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள், பல தோட்டத்தோடு மறைந்து, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தமிழரிடம் பணமே இல்லையா என்று கேட்கலாம். செட்டிநாட்டு முதல் மலாயாவில் ஏராளமாக இருந்தது. ஆனால் அந்தக் கடைகளின் ஏஜெண்டுகள் மூன்று ஆண்டு தவணையில் வந்து திரும்புகிறவர்கள். அவர்கள் கட்டிய கோயில்கள் நிற்கின்றன. லாபத்தின் பெரும்பகுதி காரைக்குடிச் சீமைக்குப் போயிற்று. தொழிலாளியும் வியாபாரியும் ஒரே தெருவில் வாழ்ந்த சீனரின் நிலைமை நமக்கு அமையவில்லை.

குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்கள் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2019 கணக்குப்படி நடுத்தரமான சீனக் குடும்பத்தின் மாத வருமானம் 7,391 வெள்ளி. இந்தியக் குடும்பத்துக்கு 5,981. மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர் குடும்பத்துக்கு 5,420. பார்த்தால் இந்தியர் நடுவில், மோசமில்லை என்று தோன்றும். மருத்துவர்களிலும் வழக்கறிஞர்களிலும் இந்தியர்கள் தங்கள் ஜனத்தொகை விகிதத்தைவிட அதிகம். ஆனால் அவர்களில் பலருடைய பாட்டனார் பால் வெட்டியவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் வந்தவர். கேரளத்திலிருந்து தோட்டக் கிராணியாக வந்தவர். கிராணியின் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். கூலியின் பிள்ளை தோட்டத்துக் கொட்டகையில் நான்கு வகுப்புப் படித்துவிட்டு வாளியைத் தூக்கினான். இருவரையும் 'இந்தியர்' என்று கூட்டிச் சராசரி போட்டால், கிராணி வீட்டு வருமானம் லயத்து வறுமைக்குத் திரை போட்டுவிடுகிறது. மாதுங்காவையும் தாராவியையும் கூட்டி 'மும்பைத் தமிழர்' என்று சராசரி போட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும். கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களில் நம்மவரும் இருந்தார் என்பதை மறைத்து என்ன பயன்?

1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரரை உயர்த்த ஏற்பட்டது. அவர்களே அன்று அதிக வறுமையில் இருந்தார்கள் என்பதால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சர்க்கார் வேலை, கல்லூரி இடம் ஆகியவை சுருங்கியபோது சீனருக்குச் சொந்தக் கடையும் சொந்தப் பள்ளியும் இருந்தன. கட்சி நடத்திய கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர் கட்சி 1975-இல் தொடங்கிய பெரிய கம்பெனி 1980-களின் நடுவில் பெருநஷ்டத்தில் விழுந்தது. தமிழர் தலைமையிலான ம.இ.கா. 1982-இல் தொடங்கிய மைக்கா நிறுவனத்தில் சுமார் 66,000 பேர், நகையை அடகு வைத்தவர்கள் உட்பட, 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று விலை பேசி அது முடிந்தது. இரண்டும் விழுந்தவைதான். சீனருக்கு அது பல முதலீடுகளில் ஒன்று. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது ஒன்றே முதலீடு.

இதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைவாகப் போதும். இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் ஒப்பந்தத்தில் வந்தார்கள். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளும் நெடுஞ்சாலைகளும் ஆயின. வெளியேறியவர்கள் பட்டணத்து ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு மலிவு அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராஃப் அழைப்பில் திரண்டு, கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பட்ட பல்லாயிரம் பேரில் இவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலிகளாகக் கொண்டுவந்து பாதுகாப்பின்றி விட்டுப்போனதற்குப் பிரிட்டிஷ் சர்க்கார் நஷ்டஈடு தர வேண்டும் என்பது அவர்கள் எடுத்த வழக்கு. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளும் அணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா 1995 முதல் கட்டப்பட்டது. அது எழுந்த நிலத்தில் இருந்தவை பெராங் பெசார் முதலான ரப்பர் தோட்டங்கள். பெராங் பெசார் என்றால் பெரிய யுத்தம் என்று பொருள். முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிலம் பெற்றுத் தொடங்கிய தோட்டம் அது. சிப்பாய்க்கு நிலம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களைத் தெங்கில் அருகே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். சுவர்களில் விரிசல் கண்ட அந்த வீடுகளுக்குப் பதில் தனி வீடு வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற திட்டத்தை அந்நாட்டு சர்க்கார் 1970-களிலேயே அறிவித்திருந்தது.