ரத்தத்துக்குத் தனி வழி

நவீன இறைச்சிக்கூடத்தின் வரைபடம் மேசைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். எத்தனை கிலோலிட்டர், என்ன தொழில்நுட்பம், என்ன விலை என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. உண்மையில் விஷயம் முடிவாவது அதற்கு வெகு முன்னால், ஆடு அறுபடும் இடத்துக்கு நேர் கீழே.

கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கூடும் இடம். அடுக்குமாடிகள் பெருகியதற்கு ஏற்ப ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைகளும் பெருகியிருக்கின்றன. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், உப்பளங்கள், முட்டுக்காட்டு உப்பங்கழி, கோவளம் முகத்துவாரம். நிலம் தாழ்வு, நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு, நல்ல தண்ணீருக்கு டேங்கர் லாரியை நம்பும் வட்டாரம். இப்படிப்பட்ட ஊரில் பொது ஆட்டுத்தொட்டி ஒன்று கட்டினால் அதன் கழிவுநீர் இறுதியில் உப்பங்கழிக்குத்தான் போகும். அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ சாட்சி. அங்கிருந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற இறைச்சி வளாகம் 1865-இல் தொடங்கி 1971-இல் மூடப்பட்டது. அது ரத்தத்தையும் குடலையும் கொட்டிய 'பப்ளி கிரீக்' ஓடையின் அடிச்சேற்றிலிருந்து இன்றும் வாயுக் குமிழிகள் எழுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் ரத்தத்தின் பிஓடி (உயிரிய ஆக்சிஜன் தேவை) ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மில்லிகிராம். மத்திய அரசு 2016-இல் திருத்திய தரத்தின்படி வெளியேறும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் ரத்தத்தை வெறும் தண்ணீரால் நீர்த்து அந்த அளவுக்குக் கொண்டுவர 5,000 லிட்டர் வேண்டும். இருபது கிலோ ஆட்டில் வடிவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

சாலையோரக் கடைக்காரர் பலர் அந்த ரத்தத்தைச் சாக்கடையில் விடுவதில்லை. பாத்திரத்தில் பிடித்து உறையவைத்துப் பொரியலுக்கு விற்றுவிடுகிறார்கள். குடல், சுவரொட்டி, தலை, கால் எல்லாமே அங்கே காசு. மருத்துவர் பார்க்காத ஆடு, மழைநீர்க் கால்வாயில் ஊற்றும் குடல் கழுவிய தண்ணீர் ஆகியவற்றுக்காக அந்தக் கடையை மூடச் சொல்வது நியாயம். ஆனால் அதற்குப் பதிலாக நாம் கட்டித் தருவது பளபளக்கும் டைல்ஸ் தரையும், ரத்தம் சாணம் கொழுப்பு அனைத்தையும் ஒரே வடிகாலில் தள்ளும் ஹோஸ் பைப்பும் என்றால், சுற்றுச்சூழல் கணக்கில் பழைய கடையே தேவலை.

அறுக்கும் இடத்துக்குக் கீழுள்ள ரத்தத் தொட்டிக்கு இரண்டு வாய் வைக்க வேண்டும். ஒன்று ரத்தச் சேமிப்புக் கலத்துக்கு, மற்றொன்று கழிவுநீர் வடிகாலுக்கு. வேலை நடக்கும்போது இரண்டாவது வாயில் அடைப்பு இருக்கும். ஷிப்ட் முடிந்து, தேங்கியதை ரப்பர் தள்ளுகோலால் கலத்துக்குத் தள்ளிய பிறகே அடைப்பை மாற்றித் தண்ணீர் திறக்க வேண்டும். இரைப்பையையும் தண்ணீர் விட்டு அலசாமல் கீறி உலர்வாகக் கொட்டிவிட வேண்டும். ஆட்டுக்கு இரண்டு கிலோ சாணமாவது இருக்கும். தண்ணீரில் கலந்துவிட்டால் அதைத் திரும்பப் பிரிக்க மின்சாரமும் ரசாயனமும் செலவழித்தாக வேண்டும்.

இந்தச் சாணமும் ரத்தமும் சாண எரிவாயுக் கலனுக்கு நல்ல தீவனம். அன்றைய மேதக் மாவட்டத்து ருத்ராரம் இறைச்சி ஏற்றுமதி ஆலையில் சாண எரிவாயு உற்பத்தி நடந்திருக்கிறது. கோயம்பேட்டில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கான ஆலை கட்டப்பட்டதும் நமக்குத் தெரியும். நம் வெயிலில் கலனைச் சூடேற்றப் பெரிய செலவில்லை. ஆனால் ரத்தத்தை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி நுண்ணுயிர்கள் முடங்கும்; காய்கறிக் கழிவோடு கலந்தே ஊட்ட வேண்டும். கொழுப்பு மிதந்து ஆடை கட்டும். அதை முன்னாலேயே வழித்தெடுக்க வேண்டும்.

உப்பு இன்னொரு சங்கதி. சென்னைப் பெரியமேட்டுத் தோல் சந்தைக்குப் போகும் தோலை உப்பிட்டுத்தான் பதப்படுத்துகிறோம். உயிரியல் சுத்திகரிப்பு எதுவும் உப்பை எடுக்காது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு விரிவாகவே பேசுகிறது. அந்த ஆறு கடலைச் சேர்வதும் கேளம்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். தோல் அறையின் தரைக்கு வடிகாலே வேண்டாம் என்பது என் கட்சி. உதிரும் உப்பைப் பெருக்கி எடுக்கட்டும்.

சராசரியை வைத்து வடிவமைப்பதும் நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். திருவள்ளுவர் தினத்தன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். மறுநாள் காணும் பொங்கல். பட்டினி கிடந்த நுண்ணுயிர்களுக்கு ஒரே இரவில் விருந்து. சமன்படுத்தும் தொட்டியை அந்த நாளுக்காகக் கட்ட வேண்டும். ஒரே நாளில் எத்தனை ஆடு அறுபடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை மருத்துவர் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்தான் தொட்டியின் அளவும் கிடைக்கும்.

கடைக்காரருக்குக் கட்டணமும் தூரமும் கட்டுப்படியாகாவிட்டால் அவர் பழையபடி கொல்லைப்புறத்தில் அறுப்பார். கூடம் காலியாகக் கிடக்கும். அவருடைய ரத்தமும் குடலும் தலையும் அவருக்கே சுத்தமாகத் திரும்பக் கிடைக்கும்படி தனி மேசையும் குளிரறையும் வைப்பது சுற்றுச்சூழல் செலவாகவே கணக்கில் ஏற வேண்டும்.

அடுத்து டெண்டர் எழுதுபவர்களிடம் ஒரு கோரிக்கை. சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவுக்கு மேலே இரண்டு வரி சேருங்கள்: ஓர் ஆட்டுக்கு இத்தனை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது; அறுக்கும் இடம், குடல் கழுவும் இடம், தரை கழுவும் குழாய் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர்.