‘காணவில்லை’ என்பது ஒரு பதிலா?

கடைக்காரரும் கம்பெனிக்காரரும் நாம் பெற்ற பிள்ளைகளும் சேர்ந்து நம் வயதுக்காரர்கள் தலையில் ஒரு பழியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வைஃபை பிரிண்டர் லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் குற்றம் பிரிண்டர் மேல் இல்லையாம், லேப்டாப் மேலும் இல்லையாம். நம் வயதின் மேலாம். “பெரியவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. இந்தப் பழியை நான் வாங்கிக்கொள்வதாக இல்லை. நீங்களும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

நான் 35 ஆண்டுகள் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஒரு கோப்பு காணவில்லை என்று சூப்பரின்டெண்டெண்டிடம் போய் நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்கெங்கே தேடினே?” என்பதுதான். ரெக்கார்டு ரூமில் எந்த அலமாரி, எந்தத் தட்டு, டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் கடைசியாக யார் பெயருக்குப் போயிருக்கிறது, பக்கத்து செக்‌ஷனில் கேட்டாயா, இத்தனையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு. அதில்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் காகிதம் வந்த வேகத்தில் திரும்பி வரும்.

இதை அலுவலகச் சம்பிரதாயம் என்று ஒதுக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 7(8) பிரிவில், மனுவை மறுத்தால் காரணத்தைச் சொல், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று சொல், யாரிடம் செய்யலாம் என்பதையும் சொல் என்கிறது. பிரான்சில் இதற்கு முன்பே, 1979 ஜூலை 11ஆம் தேதிச் சட்டம், குடிமகனுக்குப் பாதகமான முடிவை எடுக்கும் அரசு அலுவலகம் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு மிசே விடை சரியாக இருந்தாலும் விடமாட்டார், “பூர்க்குவா?” என்று கேட்பார். ஏன் என்று சொல்லத் தெரியாத விடைக்கு அவரிடம் பாதி மார்க்தான்.

அரசாங்கக் குமாஸ்தாவுக்கு உள்ள இந்தக் கடமை பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்குக் கிடையாதா?

லேப்டாப் என்ன செய்கிறது? ஒரு வட்டம் சுற்றுகிறது. பிறகு, பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. எங்கே தேடினாய்? சொல்லாது. எந்த வைஃபையில் தேடினாய்? சொல்லாது. அடுத்து யாரிடம் போக வேண்டும்? அதுவும் சொல்லாது. என் லேப்டாப்பை ஒருமுறை பிரெஞ்சு மொழிக்கு மாற்றிப் பார்த்தேன். வொல்த்தேர் பாஷையிலாவது வாய் திறக்குமோ என்ற நப்பாசை. அங்கும் இதே ஊமைத்தனம்தான், கொஞ்சம் மரியாதையாக.

இதில் என் கோபத்தைக் கிளப்புவது வேறொன்று. காரணம் வீட்டுக்குள்ளேயே, அந்தப் பிரிண்டரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில், ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ, சின்னத்திரை இருந்தால் நெட்வொர்க் பகுதிக்குள் போனாலோ, ‘நெட்வொர்க் ரிப்போர்ட்’ என்று ஒரு தாள் அச்சாகி வரும். அதில் எந்த வைஃபை பெயரில் சேர்ந்திருக்கிறது, என்ன எண் கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். சில பிரிண்டர்கள் எந்தச் சோதனையில் தேறியது, எதில் தோற்றது என்றும் பட்டியல் போடும். அதாவது, குமாஸ்தா ‘நோட்’ எழுதி வைத்திருக்கிறான், கவுண்டரில் இருப்பவர் அதை நம் கண்ணில் காட்டுவதில்லை. எந்தப் பொத்தான் என்பது பெட்டியோடு வரும் படம் போட்ட காகிதத்தில் இல்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் எங்கோ ஓர் ஆழத்தில் இருக்கிறது. பிரிண்டர் மாடல் எண்ணோடு ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்’ என்று தேடுங்கள். கிடைத்ததும் அதைப் பிரிண்டரின் மூடி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்தத் தாள் கைக்கு வந்தால் முக்கால்வாசி வழக்கு முடிந்தது. முதலில் ஐ.பி. முகவரி என்ற எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், வைஃபை பெட்டி பிரிண்டருக்கு விலாசமே கொடுக்கவில்லை. பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. வீடுகளில் பெரும்பாலும் காணும்படி 192.168 என்று தொடங்கினால் அடுத்த காரியம்: லேப்டாப்பில் வழக்கமாக இணையதளம் பார்க்கும் இடத்தில், விலாசம் தட்டும் பட்டையில், அந்த எண்ணை அப்படியே தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் பாதை சரியாக இருக்கிறது, விண்டோஸ்தான் தேடத் தெரியாமல் விழிக்கிறது என்று பொருள். ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பகுதிக்குள் போய், கையால் சேர்ப்பதற்கான ‘மேனுவல்’ வழியில், ஐ.பி. முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம். பக்கம் திறக்கவில்லை என்றால் பாதையில்தான் அடைப்பு. இந்த ஒரே சோதனையை லேப்டாப்பே செய்து முடிவைச் சொல்லியிருக்கலாம். செய்வதில்லை.

புதுவையில் நமக்கு இன்னொரு தொல்லை உண்டு, கரண்டு. போய் வந்ததும் வைஃபை பெட்டி புதிதாகக் கணக்குத் தொடங்கி, நேற்று 192.168.1.7 என்று இருந்த பிரிண்டருக்கு இன்று 192.168.1.11 என்று கொடுத்துவிடலாம். லேப்டாப் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிவிட்டு ‘ஆஃப்லைன்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடும். வீடு மாறியவனுக்குப் பழைய விலாசத்தில் மணியார்டர் அனுப்பின கதை. வைஃபை போட வருகிற பையனிடம், பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். அதற்கு ரவுட்டரிலேயே இடம் உண்டு. ஐந்து நிமிட வேலை, ஆனால் நாம் கேட்காமல் யாரும் செய்வதில்லை.

அலைவரிசை விஷயமும் இப்படித்தான். வீட்டுப் பெட்டிகள் இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வரிசையில் பேசுகின்றன. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 என்று முடியும் பெயரில் சேர்க்கப் பார்த்தால் அதன் பட்டியலில் அந்தப் பெயரே வராது. லேப்டாப் 5இலும் பிரிண்டர் 2.4இலும் இருந்தாலும், இரண்டும் ஒரே பெட்டியைச் சேர்ந்தவை என்றால், பெரும்பாலும் பேசிக்கொள்ளும். ‘கெஸ்ட்’ என்ற விருந்தாளி வைஃபையில் ஒன்று மாட்டிக்கொண்டால்தான் பேசாது. இது பெட்டியின் மேலட்டையில் இரண்டு வரியில் அடங்கும் செய்தி. மேலட்டையில் என்ன இருக்கிறது? சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டம்மா இருக்கிறார், 80ஐத் தாண்டியவர். தெருவே அவரை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் அங்கிருந்து வருகிறது. உயிரோடிருக்கிறேன் என்பதற்கு ‘செர்த்திபிக்கா த வீ’ அவ்வப்போது அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். படிவத்தைப் பிரான்சிலிருந்து மகள் மெயிலில் அனுப்பியிருந்தார். கீழே பேரன் வாங்கி வைத்த பிரிண்டர், மாடியில் லேப்டாப். அது இதைப் பார்க்கவில்லை. ரிப்பேருக்கு வந்தவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, “பிரிண்டர் பழசு மதாம், புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதாம் என்ன செய்தார்? வெயிலில் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். படிவத்தோடு ஆதாரையும் பாங்க் பாஸ்புக் பக்கத்தையும் அந்தக் கடையின் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பி அச்செடுத்து வந்தார்.

நம் வயதில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பென்ஷன் ஆணை, பான் கார்டு, நிலப் பத்திரம், எக்கோ ரிப்போர்ட் எல்லாம் யாரோ ஒருவர் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் பிழைப்பு அது. இந்தக் காகிதங்கள் வெளியே போகக் கூடாது என்றுதானே வீட்டில் பிரிண்டர் வாங்கினோம்? ‘காணவில்லை’ என்ற ஒற்றைச் சொல் நம்மை மறுபடி அந்தக் கடைக்கே துரத்துகிறது.

பிறகு மதாம், “தம்பி, ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்றார். தாளை அச்சடித்துப் பார்த்தேன். பிரிண்டர் 192.168.1 வரிசையில், லேப்டாப் 192.168.0 வரிசையில். கீழே ஒரு வைஃபை பெட்டி, மாடிக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் இரண்டு தெரு. லேப்டாப்பைக் கீழ்ப் பெட்டியின் பெயருக்கு மாற்றியதும் பிரிண்டர் வந்து நின்றது. பழசும் இல்லை, பழுதும் இல்லை. அந்தச் சிறு வித்தியாசத்தை லேப்டாப் சொல்லியிருந்தால் 500 ரூபாயும் ஒரு மத்தியான வெயிலும் மிச்சம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். “எல்லாத்தையும் காட்டினா ஜனங்க பயந்துடுவாங்க பெரியப்பா. அதனாலதான் சிம்பிளா வச்சிருக்காங்க” என்றான். டாக்டர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். காரணம் தெரிந்தால் பயம் போகும், தெரியாததற்குத்தான் பயம். அவன் சொன்ன இன்னொன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ நம் லேப்டாப் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. அதற்காகத்தான் விண்டோஸில் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று இரண்டு நிலை. நியாயமான ஏற்பாடு. ஆனால் புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 11 தானாகவே ‘பப்ளிக்’ என்று குறித்துக்கொள்கிறது. நம் சொந்த வீட்டுக் கூடத்தையும் பஸ் ஸ்டாண்டாக நினைத்து முக்காடு போட்டுக்கொள்கிறது. அக்கம் பக்கத்தைத் தேடுவதையும் நிறுத்திவிடுகிறது. முக்காடு போடட்டும். ‘இதைப் பொது இடம் என்று குறித்திருப்பதால் தேடவில்லை, வீடு என்றால் மாற்றுங்கள்’ என்று சொன்னால் பாதுகாப்புக்கு என்ன குறைந்துவிடும்? இதற்கு அவனிடம் பதில் இல்லை. ஆபீஸ் கால் வருகிறது என்றான்.

பிரிண்டரும் காரணமும் பழைய சண்டைதான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அங்கிருந்த பிரிண்டரின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தபோது அதன் நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை; கேட்ட இடத்திலும் மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அந்த மறுப்பும் ஒரு விதை. அவர் எம்.ஐ.டி.க்காரர், அவரை யாரும் ‘பெரியவருக்குப் புரியாது’ என்று சொல்லவில்லை.

கடைசியாகக் கேபிள். பிரிண்டரின் பின்பக்கம் சதுரமாக ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கும். அதில் கேபிளைச் செருகி மறுமுனையை லேப்டாப்பில் சொருகினால் அலைவரிசை, விலாசம், விருந்தாளி வைஃபை என்ற எந்த வம்பும் இல்லை. பல பிரிண்டர்களின் பெட்டியில் அந்தக் கேபிளை வைப்பதில்லை. சிலவற்றில் துளையின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். வைஃபை வேலை செய்யாத நாளில் மாற்று வழி இருக்கிறது என்பதே நமக்குத் தெரிய வேண்டாம் போலிருக்கிறது.

ஆகவே பிரிண்டர் வாங்கப் போனால் நிறத்தையும் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதையும் பிறகு பாருங்கள். முதலில் கடையிலேயே நெட்வொர்க் தாளை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். கணக்குத் தொடங்காமல், செல்போன் ஆப் இல்லாமல் அச்சடிக்குமா என்று கேளுங்கள். ஏ-பி யு.எஸ்.பி. கேபிள் ஒன்று சேர்த்துத் தரச் சொல்லுங்கள். “இப்பல்லாம் யார் சார் கேபிள் போடறாங்க” என்று கடைப்பையன் சிரித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நேரு வீதியில் கடைக்கா பஞ்சம்?