சீன எழுத்தின் ஆக்கம்

உலக மொழிகளுட் பல, ஒலிகளுக்கு வடிவம் அமைத்து எழுதப்படுவன. சீன மொழியோ சொல்லுக்கும் பொருளுக்கும் வடிவம் அமைத்துக்கொண்டது. அதனால் சீன எழுத்துகள் யாவும் படங்களே என்று கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது. படம் வரைதல் அவ்வெழுத்தின் தொடக்கமே; உறுப்புகளைக் கூட்டிப் புதுப்பொருள் படைத்தலே அதன் உயிர்நிலை. கி. பி. 100-ஆம் ஆண்டளவில் சூ ஷென் என்னும் அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின்கீழ் வகுத்து ஓர் அகராதி இயற்றினார். எழுத்துகள் பொதுவான உறுப்புகளால் ஆயினமையால் அன்றோ அவ்வாறு வகுத்தல் இயன்றது!

மரத்தைக் குறிக்கும் எழுத்தை இருமுறை அருகருகே எழுதினால் சோலையாகும். மும்முறை எழுதினால் அடர்ந்த காடாகும். ஞாயிறும் திங்களும் ஒருங்கு நின்றால் ஒளி என்பது பொருள். மனிதனைக் குறிக்கும் உறுப்பு மரத்தின் அருகே நின்றால் ஓய்வு என்பது பொருள். உழைத்துக் களைத்தவன் மரத்தடியில் சாய்ந்திருக்கும் காட்சி, சில கோடுகளில் அடங்கிவிடுகின்றது.

எனினும், இவ்வாறு பொருளோடு பொருள் கூடியவை சிலவே. மிகப் பல எழுத்துகளில் ஓர் உறுப்பு பொருளின் இனத்தைக் காட்டும். மற்றோர் உறுப்பு ஒலியைக் காட்டும். சீனத்தில் தாயை 'மா' என்பர். குதிரைக்கும் பெயர் 'மா' என்பதே. ஓசையின் ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. ஆதலின், பெண் என்னும் உறுப்புடன் குதிரை என்னும் உறுப்பைச் சேர்த்துத் தாய் என எழுதினர். தாய்க்கும் குதிரைக்கும் பொருளுறவு தேடுதல் வீண். அறிவியல் வளர்ந்தபோதும் இம்முறையே கைகொடுத்தது. காற்றைக் குறிக்கும் உறுப்பினுள், 'யாங்' என ஒலிக்கும் ஆட்டின் எழுத்தை அமைத்துப் பிராணவாயுவுக்கு எழுத்துப் படைத்தனர்.

எழுத்தறிவு பரவவேண்டும் என்னும் நோக்கத்துடன், 1956-ஆம் ஆண்டில் சீன அரசு பல எழுத்துகளின் கோடுகளைக் குறைத்தது. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவங்களே வழங்குகின்றன. அன்பைக் குறிக்கும் எழுத்தின் நடுவிலிருந்த நெஞ்சு என்னும் உறுப்பு புதிய வடிவில் இல்லை. நெஞ்சில்லாத அன்பும் உண்டோ என்று வருந்துவார் இன்றும் உளர். அவ்வருத்தம் தகுதியுடையதே. ஆயினும், அதுகொண்டு எளிமையாக்கம் முழுவதையும் பழித்தல் முறையன்று. தூசியைக் குறிக்கும் பழைய எழுத்து, மானும் மண்ணும் கூடிப் பதினான்கு கோடுகளால் ஆயது. இன்றைய எளிய வடிவமோ, சிறுமையும் மண்ணும் கூடி ஆறு கோடுகளால் ஆயது. சிறிய மண்ணே தூசி என்பது சிறுவர்க்கும் எளிதில் விளங்குமன்றோ?

ஆதலின், பழமையோ புதுமையோ எழுத்தின் சிறப்பை அளக்கும் கோல் ஆகாது. கோடுகளின் தொகையும் ஆகாது. உறுப்புகளின் இயைபு கற்பார்க்குப் புலப்படுகின்றதா என்பதே உண்மையான அளவுகோல். ஆயிரக்கணக்கான எழுத்துகளைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்யும் சிறுவனுக்குக் கல்வி பெருஞ்சுமையாகும். சில நூறு உறுப்புகளையும் அவை கூடும் நெறியையும் அறிந்தவனுக்கோ, முன்பு கண்டறியாத எழுத்தும் தன் இனத்தையும் ஒலியையும் ஓரளவேனும் உணர்த்தி நிற்கும். நெறியறிந்து கற்பதே கல்வி.