நாற்காலி வருமுன் எழுவோம்



முன்பெல்லாம் நம் பள்ளிவாசல்களில் ஓரிரு முதியவர்களுக்காக ஒரு மூலையில் நாற்காலி போடப்பட்டிருக்கும். இன்று ஜும்ஆ நாளில் ஸஃப்பின் ஓரங்களைப் பாருங்கள். நாற்காலிகளே ஒரு வரிசையாக நிற்கின்றன. அவற்றில் எழுபதைக் கடந்தவர்களோடு ஐம்பதை எட்டாதவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் பள்ளியின் படிகளில் ஏறி வந்தவர்கள். தொழுகை முடிந்ததும் வாசலில் நின்று அரை மணி நேரம் உரையாடுபவர்கள். நிற்க அவர்களால் முடிகிறது. நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு எழத்தான் முடியவில்லை.

இதை ஏளனமாக எழுதவில்லை. அந்த நாற்காலியை நோக்கி நாமும் சென்றுகொண்டிருந்தோம்.

மதரஸாவில் சிறுவர்களுக்குத் தொழுகைப் பயிற்சி அளிப்பது நம் பணி. நாற்பத்தைந்து வயதை நெருங்கிய காலத்தில் நம் எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் ஏழு வயது மாணவன் ஒருவனை இரண்டு ரக்அத் தொழுது காட்டச் சொன்னோம். தக்பீர், கிராஅத், ருகூவு அனைத்தையும் ஒழுங்காகச் செய்தான். சுஜூதிலிருந்து எழும்போது மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து சுவரைப் பிடித்தான். ஒரு பெருமூச்சும் விட்டான். "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டோம். "நீங்கதான் ஹஜ்ரத். நீங்க அப்படித்தானே எந்திரிப்பீங்க?" என்றான்.

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. தாம் தொழுவதைக் கண்டவாறே தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்பித்தார்கள். நம்மைக் கண்டு தொழுகின்ற பிள்ளையோ சுவரையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தான்.

சலுகையும் பொறுப்பும்

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தி மார்க்கத்தின் கருணைக்குச் சான்று. எனவே நாற்காலியில் அமர்ந்திருக்கும் எந்தச் சகோதரரையும் குறை கூறும் உரிமை நமக்கில்லை. அவருடைய மூட்டின் வலி அவருக்கும் அவரைப் படைத்தவனுக்குமே தெரியும்.

ஆயினும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இயலாமை நோயாகவோ விபத்தாகவோ நம்மிடம் வந்ததா, அல்லது இருபது ஆண்டுகளாக நாமே அதைத் தேடிச் சென்றோமா? இயலாமை வந்தபின் சலுகை உண்டு. அது வராமல் காக்கும் பொறுப்பு அதற்கு முன்பே உண்டு. உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பாழாக்கிவிட்டுச் சலுகையை மட்டும் நினைவில் வைத்திருப்பது நேர்மையாகாது.

அளவு கடந்த உணவு எவ்வாறு நம் பழக்கமாயிற்று என்பதை நாம் அறிவோம். வலீமா, பெயர் சூட்டு விழா, கத்தம், வீடு குடிபுகல் என ஒரு மாதத்தில் எத்தனை விருந்துகள்! கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் சஹனில் கூடி உண்பது அழகிய வழக்கம், உள்ளங்களை இணைப்பது. ஆனால் ஒரே தட்டில் பலர் கை வைக்கும்போது, தான் எவ்வளவு உண்டோம் என்பது எவருக்கும் தெரிவதில்லை. ஆலிம் என்றால் அன்பு இன்னும் மிகும். "ஹஜ்ரத்துக்கு இன்னொரு துண்டு வைங்க" என்ற குரலை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நாமும் எண்ணியிருந்தோம். முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும், மீறினால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்ற கருத்தமைந்த திர்மிதீயின் ஹதீஸைக் காலையில் பாடம் நடத்திவிட்டு, நண்பகலில் மூச்சுக்குரிய பங்கையும் நெய்ச்சோற்றால் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறோம். ரமளானிலும் நிலைமை வேறில்லை. கஞ்சியோடு நிற்காமல் வடை, சமோசா, குளிர்பானம் என்று நீளும் இஃப்தார், பகலெல்லாம் காத்த பொறுமையை அரை மணி நேரத்தில் கரைத்துவிடுகிறது.

தொழுகையே போதுமா?

"ஐந்து வேளை தொழுபவருக்குத் தனியே உடற்பயிற்சி தேவையில்லை" என்று சொல்வோர் உண்டு. மிம்பரில் நின்று நாமே அப்படிச் சொன்னதுண்டு. இன்று அதைத் திருத்திக்கொள்கிறோம். கடமையான பதினேழு ரக்அத்களில் முப்பத்து நான்கு சுஜூதுகள் உள்ளன. அவற்றால் உடல் நன்மை அடைகிறது என்பது உண்மை. எனினும் தொழுகை அல்லாஹ்வை நினைவுகூர்வதற்காகக் கடமையாக்கப்பட்டது. அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது அதன் தகுதிக்கு ஏற்றதன்று. மேலும், தொழுகையைப் பேணிய நபித்தோழர்கள் வயல்களில் உழைத்தார்கள், அகழ் தோண்டினார்கள், நெடுந்தொலைவு நடந்தார்கள். நாமோ முந்நூறு அடி தொலைவிலுள்ள பள்ளிக்கும் இரு சக்கர வாகனத்தில் செல்கிறோம். பள்ளிக்கு அருகில் குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரிடம், அவர்களுடைய காலடிகள் நன்மையாக எழுதப்படுவதால் இருந்த இடத்திலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் எப்போது மறந்தோம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் கூறியுள்ளது. இரண்டாவது அறிவுரையை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நடுவயதிலிருந்து தசை மெல்ல மெல்லக் குறைகிறது. சுஜூதிலிருந்து நம்மை எழுப்புவது தொடைத் தசையே. அது மெலிந்து வயிறு பருக்கும்போதுதான் சுவர் தேவைப்படுகிறது.

காலம் கடந்துவிட்டதா?

"இந்த வயதில் இனி என்ன?" என்பது நாற்பதைக் கடந்தோரின் வழக்கமான சொல். சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ நாற்பத்தாறு. நாள்தோறும் நடை, அளவான உணவு என்று வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்ததாக 2006இல் முடிவு வெளியானது. அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையாத நிலையிலேயே இப்பலன் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்த நிலையில், இது நமக்குப் பெரும் நற்செய்தி. எடை குறைந்தாலோ மூட்டுக்கும் இலாபம். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை நான்கு கிலோ குறைகிறது.

நாம் செய்தவை எளியவை. ஃபஜ்ருக்குப் பின் இருபது நிமிட நடை. பின்னர் அது நாற்பதாயிற்று. மதரஸாவில் நான்கு வேளை அருந்திய சர்க்கரைத் தேநீர் ஒரு வேளையாகச் சுருங்கியது. இரவுச் சோறு பாதியானது. வகுப்பறை நாற்காலியில் கைகளை ஊன்றாமல் நாள்தோறும் பத்து முறை அமர்ந்து எழுந்தோம். முதல் வாரத்தில் நான்கு முறைக்கே கால்கள் நடுங்கின. மூன்றாம் மாதத்தில் ஒரு மஃக்ரிபில், சுவரைத் தொடாமல் எழுந்துவிட்டதைத் தொழுகை முடிந்த பிறகே உணர்ந்தோம். ஓராண்டில் குறைந்தது எட்டுக் கிலோ. குறைவாக இருப்பினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற நபிமொழியின் பொருளை நம் முழங்கால்கள் வழியாகவும் விளங்கிக்கொண்டோம். நீரிழிவுக்கோ இதயத்துக்கோ மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கலந்து தொடங்குவது அவசியம்.

ஹஜ், உம்ராவுக்கு நாம் பணம் சேர்க்கிறோம். தவாஃபின் ஏழு சுற்றுகளுக்கும், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் ஸயீக்கும், மினாவின் நடைக்கும் கால்களைச் சேமிக்கிறோமா?

பெண்களுக்கு இடம் எங்கே?

இக்கட்டுரையின் மிகக் கசப்பான பகுதி இதுவே. ஆண்கள் கடற்கரையிலும் திடலிலும் நடக்கிறார்கள். நாற்பதைக் கடந்த நம் தாய்மார்களும் சகோதரிகளும் எங்கே நடப்பது? காலையில் ஒரு பெண் தெருவில் வேகமாக நடந்தால் நான்கு வீட்டுத் திண்ணைகள் பேசுகின்றன. பிறகு அவருடைய முழங்காலுக்கு மருந்து வாங்கவும் நாமே அலைகிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப் பந்தயத்தில் கலந்து வென்றார்கள். பின்னர் உடல் கனத்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். அம்முறை நபியவர்கள் முந்தி, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று நகைத்தார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியில், தமக்கு உடல் கனத்ததை அன்னையவர்களே தயக்கமின்றிச் சொல்கிறார்கள். கனத்த பின்பும் ஓடினார்கள் என்பதே நமக்குரிய பாடம். அதில் கேலி இல்லை, புண்படுத்தல் இல்லை. மனைவியின் உடலைப் பற்றி விருந்தினர் முன் பகடி பேசும் கணவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

மஹல்லா நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது இரண்டு. மதரஸாத் திடலை நாள்தோறும் ஒரு மணி நேரம் பெண்கள் மட்டும் நடப்பதற்குத் திறந்துவிடுங்கள். செலவு ஏதுமில்லை, ஒரு சாவி போதும். விருந்துகளில் "போதும்" என்று ஒருவர் சொன்னால் மீண்டும் வற்புறுத்தாத வழக்கத்தை, ஜமாஅத்தில் பொறுப்பிலுள்ள நீங்களே தொடங்கிவையுங்கள்.

அந்த மாணவன் இப்போது அடுத்த வகுப்பிற்குச் சென்றுவிட்டான். சென்ற வாரம் அவன் தொழுவதைத் தற்செயலாகப் பார்த்தோம். சுவர் பக்கம் அவன் நகரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல ரஹ்மான், இறுதி மூச்சுவரை நம் நெற்றிகள் தரையைத் தொடும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இயலாதவர்களின் வணக்கங்களை முழுமையாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.